யார் பின்னால் யார் போவது? ஆட்டிசக் குழந்தையின் விளையாட்டுக்கு எந்த வழி

என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவனுக்குப் பிடித்த விளையாட்டு அலமாரிக் கதவு. திறப்பான், மூடுவான். முழுக்க மூடுவதற்கு ஒரு விரல்கடை இருக்கும்போது நிறுத்திவிட்டு, அந்த இடுக்கு வழியாக வெளிச்சம் கோடாக விழுவதைத் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். மறுபடி திறப்பான். இப்படியே ஒரு மணி நேரம்கூடப் போகும். மதிப்பீட்டு அறிக்கையில் இதைப் பொருத்தமற்ற விளையாட்டு என்று எழுதியிருந்தார்கள். யாருக்குப் பொருத்தமற்றது என்று எழுதவில்லை.

அந்த அறிக்கையைக் கையில் வாங்கிய வாரத்திலேயே நான்கு பேர் நான்கு வழி சொன்னார்கள். வாரம் 40 மணி நேரம் தெரபி கொடுத்தால்தான் விளையாடவே கற்றுக்கொள்வான் என்றார் ஒருவர். தரையில் அவனோடு உட்காருங்கள், அது போதும் என்றார் இன்னொருவர். மற்ற குழந்தைகளோடு விட்டால் தானாக வந்துவிடும் என்றார் மூன்றாமவர். என் அம்மா மட்டும், “அவன் பாட்டுக்குச் சந்தோஷமா இருக்கான், விடேன்டா” என்றார். நான்கையும் ஏதோ ஒரு அளவில் முயன்று பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவனும் இல்லை, தெரபிஸ்ட்டும் இல்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் நின்ற ஒரு அப்பா, அவ்வளவுதான்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் அலமாரிக் கதவைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியாக அடையாளம் காணப்பட்டது. அவர் முதலில் விவரித்த சிறுவன், சுழலக்கூடிய எந்தப் பொருளைக் கண்டாலும் சுழற்றிவிட்டுத் துள்ளிக் குதிப்பான். அப்போதிலிருந்து இன்றுவரை பொருளைச் சுழற்றுவதும் வரிசையாக அடுக்குவதும் நோய்க்குறிப் பட்டியலில்தான் இடம்பெறுகின்றன. அந்தச் சிறுவன் துள்ளிக் குதித்தான் என்பதைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அவனுக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது.

இன்னொரு பக்கமும் உண்மைதான். 18 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேட 1992இல் வந்த சாட் என்ற வினாப்பட்டியல் முக்கியமாகப் பார்த்தவை, குழந்தை பாவனை விளையாட்டு விளையாடுகிறதா, விரலால் சுட்டிக் காட்டுகிறதா, பெரியவர் பார்க்கும் பக்கம் தானும் பார்க்கிறதா என்பவை. பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோலச் செய்வது, வாழைப்பழத்தைப் போனாக்கிக் காதில் வைப்பது போன்றவை பல ஆட்டிசக் குழந்தைகளிடம் தாமதமாகவே வருகின்றன, சிலரிடம் வருவதே இல்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரியவர் தூண்டிக் கேட்டால் பாவனை செய்யும் குழந்தைகளில் பலர் தாமாக அதைத் தொடங்குவதில்லை. ஆக, திறமை இல்லை என்பது ஒன்று, தோன்றவில்லை அல்லது பிடிக்கவில்லை என்பது வேறொன்று. எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது இந்த இரண்டில் எதைச் சரிசெய்ய நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சரிசெய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

டைனா முர்ரேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்த ஒரு விளக்கம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மற்றவர்களின் கவனம் பல திசைகளில் மெல்லியதாகப் பரவும். ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் ஒரே குழாயில் பாயும் தண்ணீர்போல ஒன்றின்மேல் ஆழமாக இறங்கும். அப்படி இறங்கியிருக்கும்போது பக்கத்தில் யாராவது “இங்கே பார், கார்!” என்று கூப்பிட்டால் அது அழைப்பாக வந்து சேராது, இடிப்பதுபோலத்தான் இருக்கும். இதைப் படித்த அன்று, வீட்டில் நான் ஒரு நாளில் எத்தனை தடவை “இங்கே பார்” என்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன். மதியத்துக்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அவன் பின்னால் போவது

முதல் வழி, செலவே இல்லாதது. குழந்தை செய்வதை நாமும் செய்வது. அவன் கதவைத் திறந்தால் பக்கத்துக் கதவை நாமும் திறப்பது, அவன் முனகினால் நாமும் அதே சுருதியில் முனகுவது. கேலியாக இல்லாமல், அவன் மொழியைக் கற்றுக்கொள்ளும் நோக்கத்தோடு. இன்டென்சிவ் இன்டராக்‌ஷன் என்ற அணுகுமுறை இதை அடிப்படையாகக் கொண்டதுதான். பேச்சே இல்லாத, கடுமையான கற்றல் குறைபாடும் கூடவே உள்ளவர்களோடு பழகுவதற்காக டேவ் ஹெவெட்டும் மெலனி நிண்டும் வளர்த்தெடுத்தது. குழந்தை நம்மைக் கவனிக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்த நகலெடுப்பில்தான் நடக்கிறது. நாம் செய்வதற்கும் தான் செய்வதற்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால், வேண்டுமென்றே நிறுத்திவிட்டு நாம் நிறுத்துகிறோமா என்று பார்க்கும். அந்த ஓரப்பார்வை ஒன்று கிடைக்க எங்களுக்குப் பதினொரு நாள் ஆனது.

இதில் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். ஒரே பொம்மை இரண்டு இருந்தால் அவன் கையில் இருப்பதைப் பிடுங்க வேண்டியிருக்காது. அவன் முகத்துக்கு நேர் எதிரில், அவன் கண்ணைவிடத் தாழ்வாக உட்கார வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. “இது என்ன நிறம்?” என்று கேட்ட மறுகணமே விளையாட்டு பரீட்சையாகிவிடும். எதையாவது செய்துவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருக்க வேண்டும். இந்தப் பத்துதான் மிகக் கடினம். நம் கை சும்மா இருக்காது, வாய் அதைவிட மோசம்.

குறைகளும் உண்டு. சில குழந்தைகளுக்குத் தம் விளையாட்டில் இன்னொருவர் நுழைவதே பிடிக்காது. அப்போது பின்வாங்கிப் பத்தடி தள்ளி உட்கார்ந்து அதையே செய்யலாம், அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். அப்புறம், நகலெடுப்பதோடு நின்றுவிட்டால் மாதக்கணக்கில் அதே இடத்திலேயே இருப்போம். ஆனாலும் வேறு எந்த வழிக்குப் போனாலும் முதல் இரண்டு மூன்று வாரத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்பேன். குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாமல் ஒரு மையத்தில் போய் நின்றால், அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டத்தான் முடியும்.

இதே திசையில் இன்னும் திட்டமிட்டுப் போவது ஃப்ளோர்டைம். ஸ்டான்லி கிரீன்ஸ்பானும் செரீனா வீடரும் உருவாக்கியது. பெரியவர் தரையில் உட்கார்ந்து குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடர்வார், ஆனால் அதோடு நிற்கமாட்டார். ஒரு சுற்று தொடங்கி முடிய வேண்டும் என்பது இவர்களின் அளவுகோல். அவன் ஏதாவது செய்தான், நான் பதிலுக்கு ஏதாவது செய்தேன், அவன் அதற்கு ஒன்று செய்தான் என்றால் ஒரு சுற்று. ஒரு பார்வையோ ஒரு தள்ளலோகூடப் பதில்தான். 20 நிமிடம் அல்லது அதற்குச் சற்று அதிகமாக, ஒரு நாளில் பல தடவை செய்யச் சொல்கிறார்கள். சுற்றுகள் நீளும்போது சின்னச் சிக்கலை நுழைக்கலாம். கார் போகும் பாதையில் நம் கால் தற்செயலாகக் குறுக்கே வரும், பெட்டியின் மூடி திறக்க வராது. குழந்தை அதைத் தீர்க்க நம்மிடம் வர வேண்டியிருக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. நான் செய்த முதல் தவறு இங்கேதான். குறுக்கே நிற்பது நல்லது என்று எங்கோ பாதி படித்துவிட்டு, அலமாரிக் கதவை என் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவனுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. அழுதான், அப்புறம் நான்கு நாள் நான் இருக்கும் அறையில் கதவைத் தொடவே இல்லை. சுற்றுகள் தானாக ஓட ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் வேடிக்கையாகும். அதற்கு முன்னால் அது வெறும் தடை. ஃப்ளோர்டைமின் பலமும் பலவீனமும் இதுதான். எல்லாமே எதிரில் உட்காரும் ஆளின் கையில் இருக்கிறது. நல்ல ஆள் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுத்தால் அற்புதம். புத்தகம் பார்த்துச் செய்தால் என்னைப்போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அவனை முன்னால் நடத்துவது

நேர் எதிர்த் திசையில் இருப்பது ஏபிஏ, அதாவது நடத்தைப் பகுப்பாய்வு முறை. இதன் பழைய வடிவத்தில் விளையாட்டும் ஒரு பாடம். பொம்மைக்கு ஊட்டும் விளையாட்டைக் கரண்டியை எடு, கிண்ணத்தில் விடு, பொம்மையின் வாய்க்குக் கொண்டுபோ என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் செய்ததும் பரிசு கொடுத்துப் பழக்குவார்கள். வீடியோவில் யாரோ விளையாடுவதைக் காட்டி அதுபோலச் செய்ய வைப்பதும் இந்த வகையில் சேரும்.

40 மணி நேரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1987இல் இவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில் போய் நிற்கும். 19 குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாரம் 40 மணி நேரம் பயிற்சி, அவர்களில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்பது முடிவு. பெற்றோர்களிடம் இந்த 9 என்ற எண் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடவே சொல்லப்படாதவை இரண்டு. எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலத் தற்செயலாகப் பிரிக்கப்படவில்லை, தெரபிஸ்ட் கிடைப்பதைப் பொறுத்துப் பிரிக்கப்பட்டது. அடுத்தது, பயிற்சியில் உரத்த அதட்டலும் சில நேரங்களில் தொடையில் அடியும் இருந்தன. இன்றைய பெரும்பாலான இடங்கள் அதையெல்லாம் கைவிட்டுவிட்டன. ஆனால் சிறு வயதில் இந்தப் பயிற்சிக்குள் வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், ஆட்டிசத்தில் இயல்பாக வரும் கை அசைப்பதை அடக்கியதையும் கண்ணைப் பார்க்க வைத்ததையும் வலியோடுதான் எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

மணிக் கணக்கைப் பற்றி இன்னும் ஒன்று, ஏனென்றால் பணமும் குழந்தையின் நாளும் கரைவது அதில்தான். 2024இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 144 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, 9,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். மணி நேரம் கூடக் கூடப் பலன் கூடுகிறது என்பதற்கு உறுதியான தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. குறைந்த நேரமே போதும் என்று இதிலிருந்து நிரூபணமாகிவிடாது. ஆனால் “40 மணி கொடுக்காவிட்டால் குழந்தையின் எதிர்காலம் போச்சு” என்று பயமுறுத்துபவரிடம் இந்த முடிவைச் சொல்லிப் பார்க்கலாம். நான் சொன்னேன். அவர் பேச்சை மாற்றினார்.

துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது. பலகை விளையாட்டில் முறை வைத்து ஆடுவது, பந்தைப் பிடிப்பது, சறுக்குமரத்தில் வரிசையில் நிற்பது மாதிரி விதியும் வரிசையும் உள்ளவற்றைப் பல குழந்தைகள் இப்படிப் பிரித்துக் காட்டினால் நிம்மதியாகக் கற்றுக்கொள்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்பதைவிட அது மேல். பாவனை விளையாட்டில்தான் இது சறுக்குகிறது. நாங்கள் போன ஒரு இடத்தில் ஆறு வாரத்தில் மகன் பொம்மைக்கு ஊட்டக் கற்றுக்கொண்டான். மூன்று தடவை ஊட்டுவான், உடனே ஸ்டிக்கருக்குக் கை நீட்டுவான். வீட்டில் அதே பொம்மையைக் கொடுத்தபோதும் மூன்று தடவை ஊட்டிவிட்டு, ஸ்டிக்கர் வராததால் பொம்மையைக் கீழே வைத்துவிட்டான். அறிக்கையில் இலக்கு எட்டப்பட்டது என்று இருந்தது.

நடுவில் உள்ளவை

இரண்டு முனைகளும் நெருங்கி வந்த இடம்தான் இன்று ஆய்வாளர்கள் பலர் நிற்கும் இடம். இயல்பான சூழலில், குழந்தையின் வளர்ச்சிப் படியைப் பார்த்து, நடத்தை முறையின் சில உத்திகளைச் சேர்த்துக்கொள்ளும் இந்தக் குடும்பத்துக்கு 2015இல் ஒரு பொதுப் பெயரும் வைத்தார்கள், என்டிபிஐ என்று. பெயர் வறட்சியாக இருந்தாலும் உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறு.

ராபர்ட் கோகலும் லின் கோகலும் வளர்த்த பிஆர்டி என்ற முறையில் பரிசு, விளையாட்டுக்கு உள்ளேயே இருக்கும். கார் என்று சொல்ல முயன்றால் கிடைப்பது கார், ஸ்டிக்கர் அல்ல. சரியாகச் சொல்லாவிட்டாலும் முயன்றாலே போதும். எந்தப் பொம்மை என்பதைக் குழந்தை தேர்ந்தெடுக்கும். சாலி ராஜர்ஸும் ஜெரால்டின் டாசனும் உருவாக்கிய ஏர்லி ஸ்டார்ட் டென்வர் மாடல் இன்னும் சிறிய குழந்தைகளுக்கு. 18 முதல் 30 மாதம்வரை உள்ள 48 குழந்தைகளோடு இரண்டு ஆண்டு நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தபோது மொழியிலும் அறிதிறனிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பிறகு பல இடங்களில் பெரிதாக நடத்திப் பார்த்தபோது பலன் அந்த அளவுக்கு இல்லை. புதிய மருந்து, புதிய முறை எதற்கும் இது நடப்பதுதான்.

விளையாட்டு என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஜாஸ்பர் என்ற முறைக்கு. கோனி கசாரி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உருவாக்கியது. கூட்டுக் கவனமும் பாவனை விளையாட்டும்தான் இதன் மையம். கூட்டுக் கவனம் என்றால் ஒரு பொருளை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பதோடு, சேர்ந்து பார்க்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருப்பது. 2006இல் வந்த முதல் ஆய்வில் 58 குழந்தைகள், தினமும் 30 நிமிடம், ஐந்தாறு வாரம்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, தொடங்கும் இடம். குழந்தை இப்போது தானாக எந்தப் படியில் விளையாடுகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கிறார்கள். தட்டுவது, அடுக்குவது, பொருத்துவது, ஒன்றை இன்னொன்றுக்குள் போடுவது, பொம்மைக்குச் செய்வது, பொம்மையே செய்வதாக நடத்துவது என்று படிகள் நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான நேரம் குழந்தைக்குக் கைவந்த படியில்தான் விளையாட்டு நடக்கும். அது நன்றாக ஓடும்போது ஒரே ஒரு படி மேலே உள்ளதைப் பெரியவர் தன் முறை வரும்போது செய்து காட்டுவார். குழந்தை எடுத்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டாலும் சரி. அடுக்கிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் நேராகப் பொம்மைக்கு ஊட்டச் சொன்னால் நடுவில் நான்கு படி காணாமல் போகிறது. எங்கள் ஆறு வாரம் வீணானது ஏன் என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது. கதவைத் திறந்து மூடும் பையனுக்கு அடுத்த படி, கதவுள்ள சின்ன வீடு. உள்ளே ஒரு பொம்மையை நிற்க வைத்துக் கதவைத் திறந்தால் பொம்மை தெரியும், மூடினால் மறையும். இதை அவன் முதல் நாளே பிடித்துக்கொண்டான்.

பெற்றோர் வழியாகவே செய்யும் முறைகளில் பாக்ட் என்ற ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரிட்டனில் 152 குழந்தைகள். தெரபிஸ்ட் குழந்தையைத் தொடவே மாட்டார். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு பெற்றோரோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பார். இந்த நொடியில் உங்களைப் பார்த்தான், நீங்கள் அப்போது கீழே குனிந்திருந்தீர்கள் என்கிற மாதிரி. 2010இல் வந்த முதல் முடிவு சுமார்தான். பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதம் நன்றாக மாறியிருந்தது, ஆட்டிச அறிகுறிகளில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளைப் பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது, 2016இல் அதை வெளியிட்டார்கள். போனில் பத்து நிமிடம் எடுத்து நாமே பார்த்தாலும் பாதி விஷயம் விளங்கும். என் வீடியோவை நான் பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் பேசியது நான்.

ஆதாரம் எதற்குப் பலம் என்று கேட்டால், 2020இல் சாண்ட்பேங்க் குழு வெளியிட்ட தொகுப்பாய்வு நேர்மையான பதிலைத் தருகிறது. தற்செயல் முறையில் குழு பிரித்த ஆய்வுகளை மட்டும் வைத்துக்கொண்டால் பலன் தெரிவது இரண்டு வகைகளுக்குத்தான். ஒன்று ஃப்ளோர்டைம், பாக்ட் போன்றவை அடங்கும் வளர்ச்சிவழி முறைகள், மற்றது மேலே சொன்ன நடுவழி முறைகள். ஆனால் யார் பயிற்சி பெற்றவர் என்று தெரியாமல் மதிப்பிட்ட அளவீடுகளை மட்டும் எடுத்தால் எந்த முறைக்கும் தெளிவான பலன் நிற்கவில்லை. மனம் தளர வேண்டியதில்லை. எந்த முறையும் மாயம் இல்லை என்பதால் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் தாங்கக்கூடியதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொண்டேன்.

மற்ற குழந்தைகள்

“நாலு பசங்களோட விட்டா சரியாயிடும்” என்பது எல்லோரும் சொல்வது. விட்டால் சரியாகாது. பூங்காவில் விட்டுப் பார்த்தோம், அவன் வேலி ஓரமாக நடந்தான், மற்றவர்கள் அவனைத் தாண்டி ஓடினார்கள். ஆனால் விடுவதற்குப் பதிலாகச் சேர்த்துவைத்தால் பலன் இருக்கிறது. பமேலா உல்ஃபெர்க் உருவாக்கிய ஒருங்கிணைந்த விளையாட்டுக் குழுவில் மூன்று முதல் ஐந்து குழந்தைகள்தான். சிலர் ஆட்டிசம் உள்ளவர்கள், சிலர் விளையாட்டில் தேர்ந்தவர்கள். நாள், நேரம், இடம் மாறாது. பெரியவர் ஒருவர் ஓரத்தில் இருந்து மொழிபெயர்ப்பாளர் வேலை பார்ப்பார். அவன் லாரியைத் தட்டுகிறான், அப்படியென்றால் சரக்கு ஏற்றச் சொல்கிறான் என்று மற்ற குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். திருத்தம் ஆட்டிசக் குழந்தைக்கு மட்டும் இல்லை என்பதுதான் இதன் அழகு.

லெகோ முறை இன்னும் தெளிவானது. டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளரின் காத்திருப்பு அறையில் இரண்டு சிறுவர்கள், தாங்கள் கொண்டுவந்திருந்த லெகோ பொம்மைகளை வைத்து ஒருவரையொருவர் கவனித்ததில் தொடங்கியது. அவருடைய ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஒருவர் பொறியாளர், வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார். ஒருவர் பொருள் எடுத்துக் கொடுப்பவர். ஒருவர் கட்டுபவர். வரைபடம் பொறியாளரிடம் மட்டும் இருப்பதால் பேசாமல் வேலை நடக்காது, பிறகு பாத்திரங்கள் மாறும். ஓரளவு மொழி வந்த, கட்டுவதில் ஆர்வமுள்ள பள்ளி வயதுக் குழந்தைக்கு இது நன்றாகப் பொருந்தும். லெகோவில் ஆர்வமே இல்லாத குழந்தையை இதில் சேர்த்தால் இதுவும் இன்னொரு வகுப்புதான்.

கூடவே ஒன்றை மறந்துவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள இருவர் சேர்ந்தால் பல நேரம் நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் எழுதியதுபோல, புரியாமை ஒரு பக்கம் மட்டும் இல்லை, இரு பக்கமும் இருக்கிறது. என் மகனின் முதல் நண்பன் மின்விசிறிகளை நேசிக்கும் ஒரு பையன். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் விளையாடுவார்கள். பக்கத்தில் பக்கத்தில், தனித்தனியாக விளையாடுவதை 1930களில் மில்ட்ரட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் விளையாட்டு வகைகளில் ஒன்றாகவே குறித்துவைத்திருக்கிறார். அதைக் கீழ்ப்படி என்று நினைத்து அவசரமாக ஏற்றிவிட வேண்டியதில்லை. பெரியவர்கள் நாமும் ஒரே அறையில் ஆளுக்கொரு புத்தகம் படிக்கிறோம்.

பிளே தெரபி என்ற பெயரில் வேறொன்றும் உண்டு. வர்ஜீனியா ஆக்ஸ்லைன் வழியில் வந்தது, குழந்தை விரும்பியபடி விளையாட, பெரியவர் உணர்ச்சிகளைப் புரிந்துகொண்டு உடன் இருப்பது. பயமும் இழப்பும் அலைக்கழிக்கும் குழந்தைக்கு நல்லது. விளையாடக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம் இல்லை, பெயரைப் பார்த்துச் சேர்த்துவிட வேண்டாம். வண்ண விளக்கும் மெத்தையும் வைத்த புலன் அறைகளும் அப்படித்தான். அறையால் மட்டும் விளையாட்டு வந்துவிடாது. ஆனால் இரைச்சலும் கண்ணைக் கூசும் வெளிச்சமும் குறைந்தால் எந்த வழியும் கூடுதலாக வேலை செய்யும். எந்த வழியானாலும், வாயில் போடும் பழக்கம் உள்ள குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் பட்டன் பேட்டரியும் சின்னக் காந்தமும் இருக்கவே கூடாது. தண்ணீர் விளையாட்டில் ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கக் கூடாது.

சரி, எதைத்தான் எடுப்பது? இரண்டு மூன்று வயது, பேச்சு இன்னும் வரவில்லை, நம் பக்கம் திரும்புவதே அரிது என்றால் நகலெடுப்பதில் தொடங்கி, ஜாஸ்பர் அல்லது டென்வர் போன்ற நடுவழி தெரிந்தவரைத் தேடுவேன். அப்படி யாரும் கிடைக்காத ஊரில் இருந்தால், வீடியோ வழியாகப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் ஒருவர் மாதம் இரண்டு தடவை கிடைத்தாலும் எனக்குப் போதும், தினசரி மையத்தைவிட அதையே எடுப்பேன். விதியுள்ள ஒரு குறிப்பிட்ட விளையாட்டுக்குள் நுழைய முடியாமல் தவிக்கும் ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு, அந்த விளையாட்டை மட்டும் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பதில் தவறு காணமாட்டேன். அந்தக் குழந்தை கேட்டிருந்தால். பள்ளி வயதில் தனிமையை உணர ஆரம்பித்தவருக்குக் குழு. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மூச்சு முட்டும் பெற்றோருக்கு, எந்த முறையானாலும் தினம் 15 நிமிடம்தான் என்று வைத்துக்கொள்வது மேல். களைத்த முகத்தோடு உட்காரும் இரண்டு மணி நேரத்தைக் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மையங்களைப் பார்க்கப் போனால் சான்றிதழைவிடக் கேள்விகள் உதவும். நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? அவன் கையை அசைத்தால் என்ன செய்வீர்கள்? வீட்டுக்கு வந்த பிறகும் தொடரும்படி எங்களுக்கு என்ன சொல்லித் தருவீர்கள்? பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்ற இடத்தில் நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

கடைசியாக எல்லா இடத்திலும் ஒரே கேள்வி கேட்டேன். பேசாத குழந்தைக்கு விளையாட்டு வேண்டாம் என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு இடத்தில், அழுதால் தெரிந்துகொள்வோம் என்றார்கள். இன்னொரு இடத்தில் வேண்டாம் என்று சொல்ல விடமாட்டோம், அதுதான் பயிற்சியே என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த பெண், மகன் தரையில் கிடந்து ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடியே பதில் சொன்னார். “இடது தோளைக் கொஞ்சம் உள்ளே திருப்பிக்கிறான் சார். நான் கிட்டப் போனப்போ ரெண்டு தடவை திருப்பினான், அதான் இங்கேயே நின்னுட்டேன்.” அவனைப் பார்த்து அவருக்குப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மூன்று வருடமாக அந்தத் தோளை நான் கவனித்ததே இல்லை. அங்கே சேர்த்தோம்.